உள்ளேன் அம்மா

ஆடியில் வந்த காற்று ஐப்பசியிலும் போக மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் கணவாய் ஒன்றின் வாயில், காற்றாலைகளின் கால்களுக்கு நடுவே, ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே அறிவிப்புப் பலகையில் எதை ஒட்டினாலும் சாயங்காலத்துக்குள் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும் என்பதால், தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதியும், தண்ணீர் வராத கிழமையும், ‘மனம் விட்டுப் பேச மாணவர் நலக் குழுவை அணுகவும்’ என்ற வேண்டுகோளும் முள்வேலி தாண்டிப் பறந்து பக்கத்து ஊர் ஆடுகளின் வயிற்றில் போய்ச் சேர்ந்தன. ‘படிச்ச ஆடு, பாத்து வெலை சொல்லும்’ என்று அந்த ஊர்க்காரர்கள் சந்தையில் கேலி பேசுவார்கள். பறக்காமல் தப்பித்தது, சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்த ஒரே ஒரு சுற்றறிக்கைதான்: வகுப்பிலும் விடுதியிலும் பேர் கூப்பிடும்போது ‘பிரசன்ட்’, ‘எஸ் மேடம்’ என்றெல்லாம் சொல்லாமல், இனி எல்லோரும் ‘உள்ளேன் ஐயா’, ‘உள்ளேன் அம்மா’ என்றே சொல்ல வேண்டும். எந்த வீட்டிலும் யாரும் பேசாத சொல் அது. பேர் கூப்பிடும் நேரத்துக்கு மட்டும் போட்டுக் கழற்றுகிற சீருடைச் சட்டை மாதிரி, எல்லாப் பிள்ளைகளும் அதைப் போட்டுக் கழற்றினார்கள்.

அந்தச் சொல்தான் ஒருநாள் ஆளில்லாமல் வந்தது.

மூன்றாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண். பேரில் பேச்சு இருந்ததே தவிர வாயில் இல்லை என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். ஊர்க் கோயில் கொடைக்குப் போய்விட்டு வந்தவள், ஏனென்று அவளுக்கே தெரியாமல், காலையில் எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்தாள். ‘மூட் அவுட்டு, விடு, ரெண்டு நாள்ல சரியாயிரும்’ என்றார்கள். அறைத்தோழி முத்தரசி, பின் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு பேச்சியின் குரலில் ‘உள்ளேன் ஐயா’ சொல்லி நாள்தோறும் ப்ராக்ஸி கொடுத்தாள். பிறகு முத்தரசி வாலிபால் போட்டிக்காகத் தூத்துக்குடி போன காலையில், ப்ராக்ஸி கொடுக்க ஆளில்லாத அந்தக் காலையில், வாத்தியார் பேரைக் கூப்பிட, இரண்டாம் பெஞ்சின் வெறும் ஓரத்திலிருந்து குரல் தானாகவே எழுந்து, ‘உள்ளேன் ஐயா’ என்றது. வாத்தியார் குனிந்த தலை நிமிராமல் குறித்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போனார்.

அன்று முதல் அது தினமும் வந்தது. வகுப்பில் வந்தது, ஆய்வகத்தில் வந்தது, விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பேர் கூப்பிடும்போதும் வந்தது. முதலில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்; அப்புறம் அந்த இடத்தில் பையை வைக்காமல் ஒதுங்கி உட்காரப் பழகினார்கள்; யாரோ ஒருத்தி அந்தப் பெஞ்சின் ஓரத்தில் தினமும் ஒரு துண்டு பிச்சிப்பூச் சரம் வைத்தாள். அலுவலகத்தில் விதிகளைப் புரட்டிப் பார்த்து, பேர் அழைக்கப்பட்டதும் குரல் கொடுப்பவர் வந்தவராகக் கருதப்படுவார் என்றுதான் இருக்கிறது, உடம்பைப் பற்றி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாணவர் நலக் குழு கூடி, குரல் தெளிவாக இருக்கிறது, தழுதழுப்பு இல்லை, ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்று முடிவெடுத்துத் தேநீர் குடித்துக் கலைந்தது. சந்தேகம் கேட்காத, செல்போன் நோண்டாத, கொட்டாவி விடாத மாணவி கிடைத்ததில் வாத்தியார்களுக்கு உள்ளூர ஒரு திருப்தியும் இருந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் சிவில் வகுப்பில் ஒரு பையன், தாவரவியலில் அக்காளும் தங்கையும் என்று இன்னும் சில குரல்கள் ஆளில்லாமல் வரத் தொடங்க, புதிய அறிவிப்புகள் பலகையில் ஏறின. ‘உடலுடன் வரும் மாணவர்கள் அடையாள அட்டை அணிவது கட்டாயம்.’ ‘குரலாக வரும் மாணவியரின் சாப்பாட்டுத் தட்டை மற்றவர்கள் எடுக்கக் கூடாது.’ காற்று அவற்றையும் பிய்த்தது. ஆடுகள் அவற்றையும் தின்றன.

பயந்தவள் வினோலியா ஒருத்திதான்.

வினோலியா அங்கே தற்காலிக விரிவுரையாளர். குடியிருக்க இடம் கிடைக்கிறதே என்று பெண்கள் விடுதியின் துணைக் காப்பாளர் வேலையையும் ஏற்றுக்கொண்டவள். விடுதியின் கீழ்த்தளத்து ஓர அறையில் ஏழு மாதக் குழந்தை அபிஷாவோடு இருந்தாள். கணவன் ஆல்வின் மஸ்கட்டில். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், ஆகையால் பேயைப் பற்றிப் பயப்படக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் இது பேயில்லையே, பேய் என்றால் செத்தவர்களுடையது அல்லவா, உயிரோடிருக்கிற பிள்ளையின் குரல் அவளை விட்டுவிட்டு வந்தால் அதற்கு என்ன பேர், அதற்கு எந்த ஜெபம் என்று எந்த சிஸ்டரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பேர் கூப்பிடுவாள். ‘பேச்சியம்மாள்’ என்பாள். வெறும் நாற்காலி ‘உள்ளேன் அம்மா’ என்று சொல்லும். அந்த ‘அம்மா’வைக் கேட்டதும் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு, நிமிராமல் டிக் போடுவாள்.

“முத்தரசி, பேச்சிய நீ பாத்து எவ்வளவு நாளாச்சு?”

“தினமும் இருக்காளே மேடம்.”

“கேக்குறியா, பாக்குறியா?”

முத்தரசி யோசித்தாள். “நான் முழிக்கும்போது கெளம்பிப் போயிருப்பா மேடம். இல்லன்னா எப்படிக் கிளாசுல உள்ளேன்னு சொல்லுவா?”

“ராத்திரி?”

“ராத்திரி நான் அசந்துருவேன். ஆனா ரூமுக்குக் குரங்கு வருது மேடம், என் பாட்டில் தண்ணியக் குடிச்சிட்டுப் போயிருது, பிஸ்கெட்டையும் விட்டு வைக்க மாட்டேங்குது. ஜன்னலுக்கு வலை அடிக்கணும்னு எழுதிப் போட்டேன்.”

வினோலியா மாடிக்குப் போய்ப் பார்த்தாள். மூன்று இரும்புக் கட்டில்கள். ஒன்றில் முத்தரசியின் போர்வை, ஒன்றில் இன்னொருத்தியின் புத்தகங்கள், சுவரோரக் கட்டிலில் காய்ந்த துணி மலையாகக் குவிந்திருந்தது. ஆளில்லை. ‘பேச்சி’ என்று மெதுவாகக் கூப்பிட்டாள். காற்று மட்டும் ஜன்னல் கம்பியில் விசிலடித்தது. இறங்கி வரும்போது, எதையோ பார்த்துவிட்டுப் பார்க்காமல் வந்ததுபோல் அவளுக்கு இருந்தது.

ஒருநாள் பேர் கூப்பிடும் நேரத்தில் பேச்சியின் அப்பா போன் செய்தார். சங்கரன்கோவில் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்.

“மேடம், புள்ள போன எடுக்க மாட்டேங்கா. நல்லா இருக்காளா?”

என்ன சொல்வதென்று தெரியாமல், வினோலியா போனை அந்த நாற்காலிக்கு நேரே நீட்டி, பேரைக் கூப்பிட்டாள்.

‘உள்ளேன் அம்மா.’

“ஆங், கேட்டுட்டு, கேட்டுட்டு,” என்று அவர் சிரித்தார். “ஏளா பேச்சி, சாப்ட்டியாளா? ஏளா?”

நாற்காலி பேசவில்லை.

“ஏளா, அப்பா பேசுதேன்.”

ஒன்றுமில்லை. அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். “படிச்ச புள்ளைல்லா மேடம். நம்ம பேச்சு இப்ப அதுக்கு ஒத்துக்கிடாது. நல்லா இருந்தாச் சரிதான்.”

அன்று வினோலியாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாத்தியார்கள் கூப்பிட்டால் பதில் சொல்கிற குரலுக்கு அப்பா கூப்பிட்டால் கேட்கவில்லையே என்பது அவள் நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது. வருகிற வெள்ளியோடு வகுப்புகள் முடிகின்றன. தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அப்புறம் யாரும் யார் பேரையும் கூப்பிட மாட்டார்கள். பேர் கூப்பிடும்போது மட்டும் இருக்கிற பிள்ளை, பேர் கூப்பிடாத நாளில் எங்கே இருப்பாள்? விடுதியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த பிறகு, அந்தப் பிள்ளையைத் தேடுவதற்கு யாருக்கு என்ன காரணம் இருக்கும்?

தலைமைக் காப்பாளரும் நலக் குழுவின் தலைவருமான பேராசிரியை சௌந்தரவல்லியிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைத்தாய்ச்சியாக வினோலியா இருந்தபோது தன் வீட்டிலிருந்து புளிக்குழம்பு கொடுத்து விட்டவர்.

“மேடம், அந்தப் பிள்ளைய ஆப்சென்ட் போட்டுட்டா போலீஸ், பேரன்ட்ஸ் எல்லாரும் தேட வேண்டியது வரும். தேடினா கிடைப்பா.”

“வினோலியா.” சௌந்தரவல்லி கதவைச் சாத்தினார். “ஆய்வுக் குழு வருது. வருகை நூறு சதவீதம்னு எழுதிக் கொடுத்தாச்சு. இந்த நேரத்துல நீ ஒரு வயசுப் பிள்ளைய ‘இல்ல’ன்னு சொல்லப் போறியா? கையில பிள்ளைய வச்சிக்கிட்டு அந்த வார்த்தைய எப்படிம்மா சொல்ல வாய் வரும் உனக்கு?”

“இல்ல மேடம், நான்…”

“பாத்தியா, மறுபடியும்.” அவர் பெருமூச்சு விட்டார். “ராத்திரி தூங்குறியா? கைப்பிள்ளைக்காரிக்கு இப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு. வேலை நிரந்தரமில்ல, குவார்ட்டர்சும் நிரந்தரமில்ல, பாத்து நடந்துக்க.”

அவர் சொன்னதில் மிரட்டலைவிட அந்த வார்த்தைதான் வினோலியாவை மிரட்டியது. அவள் அம்மா வீட்டில் அரிசி தீர்ந்தால் ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்வார்கள். எண்ணெய் தீர்ந்தாலும் நிறையும், உப்பு தீர்ந்தாலும் நிறையும். சிறுமியாக இருந்தபோது, ‘அப்பா இருக்காங்களா?’ என்று வாசலில் கேட்டவரிடம் ‘அப்பா இல்ல’ என்று சொன்னதற்காக அம்மா அவள் வாயிலேயே அடித்தாள். ‘வெளிய போயிருக்காங்கன்னு சொல்லணும்ளா’ என்றாள். எதையும் இல்லை என்று சொல்லக் கூடாத ஊர். அதனால் எல்லாமே நிறைந்திருந்தது, நாற்காலிகள் உட்பட.

அன்று பேர் கூப்பிட்டு முடித்து அறைக்கு வந்த பிறகுதான் இன்னொன்றும் நடந்தது. கட்டிலில் அபிஷாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். ஊக்கை உதடுகளுக்கு நடுவே கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் துணியை மடித்துக்கொண்டிருக்கையில், ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் ஆல்வின் வழக்கம்போலக் கேட்டான்.

“நல்லா இருக்கீங்களா ரெண்டு பேரும்?”

“நல்லா இருக்கோம் அத்தான்.”

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன் அத்தான்.”

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. ஊக்கு இன்னும் உதடுகளுக்கு நடுவேதான் இருந்தது. குரல் ஜன்னல் பக்கமிருந்து, அவளுடைய அதே குரல், தெளிவாக, தழுதழுப்பில்லாமல் வந்தது. அபிஷா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள்.

வினோலியா ஊக்கை எடுத்துக் கட்டிலில் போட்டாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, “அபி, அம்மாவப் பாரு, அம்மா இங்க” என்றாள். குழந்தை ஜன்னலையே பார்த்தது. எத்தனை நாளாக இந்தப் பிள்ளை என் குரல் கேட்டால் வேறு பக்கம் திரும்புகிறது, எத்தனை சாயங்காலம் அவர் கேட்க, நான் சொன்னதாக நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்? பிள்ளை பிறந்ததிலிருந்து எல்லோரும் கேட்டது அந்த ஒரே கேள்வி. எல்லோருக்கும் கிடைத்ததும் அந்த ஒரே பதில். பதில் வந்ததால் யாரும் வந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு மாடி அறையின் மூன்றாவது கட்டில் ஞாபகம் வந்தது. அந்தக் கட்டிலை மறைத்தது துணியில்லை; தினமும் தன் கையால் தான் போட்ட டிக் அடையாளம்தான். கீழே இருக்கிறாள் என்று குறித்த கண், மேலே எப்படிப் பார்க்கும்? முதலில் இல்லை என்று சொல்லாமல் எத்தனை முறை ஏறிப் போனாலும் துணிதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் பெட்டிகளும் பைகளுமாகக் கிடந்தன. இரவு வண்டிக்குப் போகிறவர்கள் அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பேர் கூப்பிடுதல். அபிஷாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வினோலியா ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வந்தாள், ஒவ்வொரு பேருக்கும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள், பார்த்த பிறகே குறித்தாள்.

“பேச்சியம்மாள்.”

“உள்ளேன் அம்மா.”

அவள் பேனாவைத் தாளில் வைக்கவில்லை. வேலை போகும், அறை போகும், அதுகூடப் பரவாயில்லை. கையில் பிள்ளையோடு இந்த வேளையில் சொன்ன வார்த்தை சுற்றிக்கொண்டு வந்து பிள்ளை மேலேயே விழுந்தால்? குழந்தையின் இரண்டு காதையும் தன் தோளோடும் உள்ளங்கையோடும் சேர்த்து மூடிக்கொண்டாள்.

“இல்லை,” என்றாள்.

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

“மேடம், வெளக்கு வைக்க நேரம்,” என்று யாரோ முணுமுணுத்தாள்.

“உள்ளேன் அம்மா,” என்றது நாற்காலி, இன்னும் இனிமையாக.

“இல்லை. பேச்சியம்மாள் இங்க இல்லை. நான் பார்க்கல. நீங்க யாராச்சும் பாத்தீங்களா? முத்தரசி, நீ பாத்தியா?”

“மேடம், ஆய்வுக் குழு வருதுன்னு பெரிய மேடம்…”

“பாத்தியா?”

முத்தரசியின் முகம் கோணியது. கையிலிருந்த தட்டு கீழே சரிந்து உருண்டு ஓடியது. “இல்ல மேடம்,” என்றாள். “அவ இல்ல. நான்தான் மொதல்ல மூக்கப் பிடிச்சிச் சொன்னேன். அவளா சொல்றான்னு அப்புறம் விட்டுட்டேன். நான் பாக்கவே இல்ல மேடம்.” அவள் அழத் தொடங்க, பக்கத்திலிருந்தவள் ‘இல்ல’ என்றாள், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் ‘இல்ல’ என்றாள், வரிசை வரிசையாக, வீட்டில் ஒருநாளும் சொல்ல விடாத வார்த்தையைப் பயந்து பயந்து வாயைப் பொத்திக்கொண்டு எல்லாப் பெண்களும் சொன்னார்கள். நாற்காலி ‘உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா’ என்று அவர்களை மீறிச் சொல்லிப் பார்த்தது. ‘இல்ல, இல்ல’ என்ற சத்தத்தில் அது அமுங்கியது. பிறகு கூடம் முழுக்க ஓய்ந்து, காற்றும் ஒரு மூச்சு நின்றது.

மேலே, இரும்புக் கட்டில் ஒன்று கிறீச்சிட்டது.

“இருக்கேம்மா.”

தேய்ந்து, கரகரத்து, உப்புத்தாளில் உரசினாற்போல ஒரு குரல். “மேலதாம்மா இருக்கேன்.”

மாடிப்படியில் யார் முதலில் ஓடினார்கள் என்று பிறகு யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சுவரோரக் கட்டிலின் துணி மலையை எல்லோரும் பிய்த்து எறிந்தார்கள். சுடிதார், போர்வை, துவைக்காத லேப் கோட்டு, அதற்கும் கீழே, இத்தனை நாளும் அங்கேயே, கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, தலைமுடி சடைபிடித்துப் பேச்சியம்மாள் கிடந்தாள். கண் மட்டும் ஒவ்வொரு முகமாகப் போய்வந்தது. முத்தரசி அவளைத் தூக்கி மடியில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு மிடறு இறங்கிய பிறகு பேச்சி வாயைத் திறந்தாள்.

“ஏட்டி, காஞ்ச துணிய எல்லாம் எம்மேலயே போட்டியேட்டி.”

“கொரங்குன்னு நெனச்சேன் பேச்சி. தண்ணியக் குடிக்கது கொரங்குன்னு நெனச்சேன்.” முத்தரசி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“கூப்புட்டேன். ஒருத்தருக்கும் கேக்கல. கீழ யாரோ என்னய மாதிரியே பேசிக்கிட்டு இருந்தா.”

அவளைப் போர்வையில் சுற்றி ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினார்கள். போகும் வழியிலேயே அவள் அப்பாவுக்குப் போன் போட்டுக் காதில் வைத்தபோது, ‘ஏளா’ என்ற ஒரு சொல்லுக்கு அவள் உடம்பே குலுங்கியது என்று கூடப்போன முத்தரசி சொன்னாள். எல்லோரும் மாடியில் இருந்த நேரத்தில், யாருமில்லாத சாப்பாட்டுக் கூடத்தில் அது இன்னும் ஒருமுறை ‘உள்ளேன் அம்மா’ என்றதாம், பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்ததாம்; அடுப்பை அணைத்துக்கொண்டிருந்த சமையல்கார அம்மா சொன்னார். சிவில் பையனின் அறைக் கதவை அன்றைக்கே தட்டப் போனார்கள். தாவரவியல் அக்கா தங்கையைத் தேடி இன்னொரு கூட்டம் டார்ச் லைட்டோடு கிளம்பியது. வளாகம் முழுக்க ‘இல்ல, இல்ல’ என்ற குரல்கள் காற்றோடு போய்வந்தன.

சௌந்தரவல்லி வாசலில் நின்று ஆஸ்பத்திரி வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வினோலியாவைத் திட்டவில்லை. “மெமோ வரும்மா,” என்று மட்டும் சொன்னார். “நான்தான் கையெழுத்துப் போடணும்.” பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல நின்று, “அந்தப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துவிடுறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வினோலியா அறைக்கு வந்து அபிஷாவைக் கட்டிலில் விட்டாள். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை, மூச்சைக் கேட்டாள், சீராக இருந்தது, மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். அப்போது போன் அடித்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் காத்துக்கொண்டிருந்தது.

“வினோ, நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இரு…” என்று ஜன்னலருகே அவளுடைய குரல் தொடங்கியது, அவளைவிட இனிமையாக, அவளைவிடச் சீக்கிரமாக. வினோலியா இரண்டு கையாலும் போனைப் பிடித்து வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

“இல்ல,” என்றாள்.

தன் தொண்டையிலிருந்து வந்தது அது என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை, அவ்வளவு கரகரத்திருந்தது.

“அத்தான், நான் நல்லா இல்ல. ரொம்ப நாளா இல்ல. பயமா இருக்கு.”

ஆல்வின், இத்தனை மாதத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டான். “ஏளா வினோ, எங்களா இருக்க?”

“இங்கதான்,” என்றாள். “இங்கதான் இருக்கேன்.”

கட்டிலில் தவழ்ந்துகொண்டிருந்த அபிஷா நின்றாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாக, புதிதாக யாரையோ கண்டதுபோல, தலையைத் திருப்பி அம்மாவின் வாயைப் பார்த்தாள்.